டீக்கடை வாசலில் வரும் லோ

எங்கள் ஊரில் சர்க்கரை நோய்க்கும் சீனியாரிட்டி உண்டு. ஒரு வேளை மாத்திரை போடுகிறவர் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவர். இரண்டு வேளை மாத்திரைக்காரர் நிரந்தரமானவர். ஊசிக்குப் போய்விட்டவர் அதிகாரி. அவர் பேசும்போது மாத்திரைக்காரர்கள் குறுக்கே பேசுவதில்லை. சாத்தூரில் காலை நேரத்தில் பள்ளி மைதானத்தைச் சுற்றி நடக்கும் சுகர் கூட்டத்தில் இந்த ஒழுங்கு பல வருடங்களாகப் பிசகாமல் இருந்துவந்தது. என் மகள் வந்துதான் அதைக் கவிழ்த்தாள்.

அவளுக்கு ஏழு வயது. போன வருடம் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு ஓயாமல் தண்ணீர் கேட்டாள், துணி உலர்த்தும் கொடி மாதிரி மெலிந்தாள். மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது முதல் வகைச் சர்க்கரை என்றார்கள். அவள் உடம்பில் இன்சுலின் சுரப்பது நின்றுவிட்டது, இனி வாழ்நாள் முழுக்க ஊசிதான் என்று டாக்டர் சொன்னபோது, நான் பாடக்குறிப்பு எடுக்கும் மாணவி மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அழுகை வீட்டுக்கு வந்தபிறகுதான் வந்தது. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒவ்வொன்று, படுக்கப்போகும் முன் ஒன்று, ஆக நாலு ஊசி. உள்ளூர்ப் பள்ளியில் பார்த்துவந்த ஆசிரியை வேலையை அந்த வாரமே விட்டேன்.

உறவுக்காரர்கள் வந்து விசாரித்தார்கள். "சின்னப் புள்ளைக்குமா சுகர் வரும்? நீ மாசமா இருக்கையில என்னத்தத் தின்ன?" என்று கேட்காதவர்கள் இல்லை. சாப்பிட்டதனால் வருவதில்லை என்று டாக்டர் எனக்கு இரண்டு முறை விளக்கியிருந்தார். நான் அதை அவர்களுக்கு அழகாக விளக்குவேன். அவர்கள் போனபிறகு, ஏழாம் மாதத்தில் சாப்பிட்ட பால்கோவாவை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வெம்பக்கோட்டையில் இருக்கும் என் மாமியார் இன்னும் ஒருபடி மேலே போய், ஊசியை நிறுத்திவிட்டு வேர் அரைத்துக் கொடுத்தால் ஒரு மண்டலத்தில் சரியாகும் என்று ஒரு வைத்தியரையே ஏற்பாடு செய்துவிட்டார். ஊசியை நிறுத்தினால் பிள்ளை பிழைக்காது என்று சொன்னதற்கு, படித்த மருமகள் எதிர்த்துப் பேசுகிறாள் என்று பெயர் வந்தது. அதற்குப்பிறகு மகளை அங்கே ஒரு மணி நேரம்கூடத் தனியாக விட்டதில்லை. அங்கே என்றில்லை, எங்கேயுமே விட்டதில்லை. அவள் பள்ளிக்குப் போனால் எதிரே உள்ள ஜெராக்ஸ் கடை பெஞ்சில் நானும் பள்ளி நேரம் முழுக்க உட்கார்ந்திருப்பேன். கடைக்காரர் என்னை முதலில் வாடிக்கையாளர் என்று நினைத்தார், பிறகு வேலை கேட்டு வந்தவள் என்று நினைத்தார், கடைசியில் நினைப்பதையே விட்டுவிட்டார்.

பிள்ளை தினமும் ஓடியாட வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் காலையில் மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கேதான் அந்த மூவரும் நடந்துகொண்டிருந்தார்கள். சிவகாசியில் பட்டாசு லேபிள் அடிக்கும் அச்சகத்தை மகன் கையில் கொடுத்துவிட்டு ஓய்வாக இருக்கும் அண்ணாச்சி. அச்சங்குளத்துப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருக்கும் அண்ணன். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் அக்கா. தீப்பெட்டி செய்யும் இடத்தை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம்.

"தூங்குற புள்ளைய ஏன் புள்ள இப்படி இழுத்துட்டுச் சுத்துற?" என்று அக்காதான் முதலில் கேட்டாள். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். பால்கோவாக் கேள்விக்குத் தயாராக இருந்தேன்.

அண்ணாச்சி வேறு கேள்வி கேட்டார். "எத்தனை ஊசி?"

"நாலு," என்றாள் மகள்.

அண்ணாச்சிக்கு இரண்டு ஊசி, அக்காவுக்கு ஒன்று. அதை வைத்துத்தான் அவர் அந்தக் கூட்டத்தில் இத்தனை காலமும் தலைவராக இருந்தார். அவர் முகத்தில் பதவி பறிபோனது தெரிந்தது. போர்மேன் அண்ணன் காலைச் சேர்த்து நின்று என் மகளுக்கு சல்யூட் வைத்தார்.

"அண்ணாச்சி, நீங்க தள்ளி நில்லுங்க. இனிமே மானேஜரம்மா முன்னாடி நடப்பாக."

ஒரு வருடமாக என் மகளைப் பார்த்து யாரும் 'ஐயோ பாவம்' சொல்லாத முதல் இடம் அது. மகள் கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தாள். மூன்று பேரும் பின்னால் போனார்கள். நான் குளுக்கோஸ் பொடியும் மெஷினும் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு கடைசியில் ஓடினேன்.

இவர்களோடு பழகப் பழகத்தான் இவர்களுடைய வைத்தியமும் புரிந்தது. அரிசிச் சோறு ஆகாது என்பதால் இரவில் அண்ணாச்சி பரோட்டா சாப்பிடுவார். சீனி விஷம், கருப்பட்டி மருந்து என்பதில் மூவருக்கும் ஒரே கருத்து. எங்கள் ஊர்க் கருப்பட்டி மிட்டாய் அதனால் மருந்துக் கணக்கில் வரும். ரத்தப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்து கடும் பத்தியம். ரிசல்ட் வந்த அன்று கொண்டாட்டம். மாதத்தில் மீதி நாட்களில் சுகர் எவ்வளவு என்று பார்ப்பது, தூங்கும் நாயைச் சீண்டுவது போன்ற தேவையில்லாத வேலை. விரலில் குத்திப் பார்க்கும் மெஷின் அண்ணாச்சி வீட்டிலும் இருந்தது. மகன் வாங்கிக் கொடுத்தது. பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வழக்கம் இருந்தது. சர்க்கரை திடீரென்று இறங்கிப்போவதை எல்லோரும் 'லோ' என்பார்கள். அப்படி ஆனால் கை நடுங்கும், வேர்க்கும், உடனே இனிப்பு சாப்பிட வேண்டும், தாமதித்தால் ஆபத்து. அதனால் மூவரும் சட்டைப் பையிலோ மணிபர்சிலோ மிட்டாய் வைத்திருந்தார்கள். நல்ல பழக்கம்தான். என்ன அதிசயமோ, மைதானத்தைச் சுற்றும்போது ஒருவருக்கும் லோ வராது. நடை முடிந்து டீக்கடை வாசலை மிதித்ததும் வரிசையாக வரும்.

"கை லேசா நடுங்குதப்பா," என்பார் அண்ணாச்சி.

"எனக்கும் கண்ண இருட்டிக்கிட்டு வருது," என்பார் போர்மேன் அண்ணன். அவருக்கு இருப்பது ஒரு வேளை மாத்திரை. அந்த மாத்திரையில் லோ வருவது அபூர்வம் என்று மாத்திரைத் தாளிலேயே போட்டிருந்ததை நான் படித்திருக்கிறேன்.

"இருங்க, தனியாத் திங்காதீக, எனக்கும் வருது," என்பாள் அக்கா.

மிட்டாய் தீர்ந்ததும், ஏறிய சுகரை இறக்குவதற்காகச் சீனி இல்லாத டீ குடிப்பார்கள்.

இதில் கவலைப்பட்டவள் நான் ஒருத்திதான். அவசரத்துக்கு வைத்திருக்கும் மிட்டாயை அவசரமில்லாமல் தின்றுவிட்டால் உண்மையான அவசரத்துக்கு என்ன செய்வது என்று ஒருநாள் கேட்டேன். போர்மேன் அண்ணன் அதைத் தொழில்முறையாக எடுத்துக்கொண்டார். அவர் கம்பெனியில் காலையில் உள்ளே போகும்போது கேட்டில் எல்லோருடைய பையையும் தடவிப் பார்ப்பார்கள். தீப்பெட்டி, பீடி, போன் எதுவும் உள்ளே போகக்கூடாது. மறுநாளிலிருந்து அவர் மைதான வாசலில் நின்று எங்கள் பைகளைத் தடவ ஆரம்பித்தார். கம்பெனியில் இருந்தால் குற்றம், இங்கே இல்லாவிட்டால் குற்றம். "மிட்டாய் இருக்கா? சரி, உள்ள போங்க." டீக்கடை வாசலில் அந்தச் சோதனை கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் விருதுநகரில் ஒரு பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. சனிக்கிழமை காலை வந்து ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். பிடித்தால் வேலை. என் கணவர் லாரி புக்கிங் பார்க்கிறவர். "நீ போ, அன்னைக்கு நான் பாத்துக்கிறேன்," என்றார். தீபாவளி சீசனில் அவர் கொடுக்கும் வாக்குக்கு என்ன ஆயுள் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை நாக்பூருக்கு லோடு வந்தது, லோடோடு அவரும் போய்விட்டார்.

போகவேண்டாம் என்று முடிவு செய்தேன். பிறகு, இன்றைக்குப் போகாவிட்டால் இனி எந்த நாளும் போகமாட்டேன், அந்த ஜெராக்ஸ் பெஞ்சிலேயே எனக்கு நரைக்கும் என்று தோன்றியது. பிறகு, வேலைக்காகப் பிள்ளையை விட்டுப்போகும் தாய் என்ன தாய் என்று தோன்றியது. இப்படி மாறி மாறித் தோன்றிக்கொண்டிருந்ததை அக்காதான் ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தாள்.

"அண்ணாச்சி வீட்ல விட்டுட்டுப் போ. நான் ஆபீஸுக்கு லீவு போடுறேன். ஊசி போட எனக்குத் தெரியாதா? தினம் என் வயித்துல நானே போடுறேன்ல?"

அண்ணாச்சியின் மனைவி மதுரையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். வீடு காலியாக இருந்தது. சனிக்கிழமை தூறல் விழுந்ததால், பட்டாசு காயாது என்று போர்மேன் அண்ணனின் கம்பெனிக்கும் லீவு. மூவரும் முழு பலத்தோடு ஆஜரானார்கள். நான் சொல்ல வேண்டியதையெல்லாம் முந்தின நாளே எங்கள் வாட்ஸப் குரூப்பில் குரல் பதிவுகளாக அனுப்பியிருந்தேன். எந்த நேரம் பார்க்கணும், எவ்வளவு இருந்தால் எத்தனை யூனிட், சோறு எத்தனை கரண்டி. ஒவ்வொன்றுக்கும் அண்ணாச்சி ரோஜாப்பூ அனுப்பியிருந்தார்.

"கேட்டீங்களா அண்ணாச்சி?"

"ரெண்டு கேட்டேன் தாயி. மிச்சமும் இதே மாதிரி நல்லாத்தான இருக்கும்?"

எல்லாவற்றையும் வாசலில் நின்று வாயால் மறுபடி சொன்னேன். அக்கா என்னைப் பஸ் ஸ்டாப் பக்கம் தள்ளிவிட்டாள்.

விருதுநகர்ப் பள்ளியில் போனை அலுவலகத்தில் வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் எடுத்தேன். ஒரு வட்டத்தை நான்காகப் பிரித்து, ஒரு பங்கை எடுத்தால் மீதி எவ்வளவு என்று கேட்க வேண்டும். நான் அதைத் தோசை என்று சொல்லி, ஒரு பங்குக்கு எவ்வளவு மாவுச்சத்து என்று கேட்டுவிட்டேன். பிள்ளைகள் முழித்தார்கள். பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை ஏதோ குறித்துக்கொண்டார். அதற்குப்பிறகு ஒரு நேர்காணல், அதற்குப்பிறகு தாளாளருக்காகக் காத்திருப்பு. போன் கைக்கு வந்தபோது மதியம் தாண்டி வெகுநேரம் ஆகிவிட்டது.

குரூப்பில் செய்திகள் வரிசையாக இருந்தன. முதலில் மகள் ஊஞ்சலில் ஆடும் படம். பிறகு, 'பாப்பா 142'. நல்ல எண். எனக்கு மூச்சு வந்தது. அதற்குக் கீழே, 'அண்ணாச்சி 318'. அதற்குக் கீழே, 'போர்மேன் 264'. அதற்குக் கீழே அக்காவின் எண். அதை எழுதாமல் விடுகிறேன், அவள் படிப்பாள். இவர்கள் ஏன் தங்கள் சுகரைப் பார்த்தார்கள்? சுடுகாட்டுக்குப் போனாலும் போவேன், அந்த மெஷின் பக்கம் போகமாட்டேன் என்றவர் அல்லவா அண்ணாச்சி?

கடைசியாக ஒரு செய்தி: 'எல்லாம் நல்லபடியா இருக்கு. பயப்பட வேண்டாம்.'

பயப்படாதே என்று நல்லபடியாக இருக்கும்போது யார் சொல்வார்கள்? அண்ணாச்சிக்கு அடித்தேன். எடுக்கவில்லை. அக்கா எடுக்கவில்லை. போர்மேன் அண்ணன் எடுக்கவில்லை. பஸ்ஸில் ஏறி, பட்டம்புதூர் தாண்டும் வரைக்கும், அதற்கப்புறமும், மாற்றி மாற்றி அடித்தேன். மூன்று போனும் மணி அடித்து அடித்து நின்றன. பக்கத்து சீட்டு அம்மாள் "என்னம்மா, வீட்டுக்காரரா? சண்டையா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்க எனக்குத் தெம்பில்லை. வீட்டுக்காரர்களைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் ஏறக்குறைய உண்மையாகவும் இருந்தது. நாலுவழிச் சாலையில் அந்த பஸ் எதற்காக அவ்வளவு மெதுவாகப் போனது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அண்ணாச்சி வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை இருந்தது. அதற்குள் மூன்று போன்கள். மூன்றிலும் என் பெயர் மின்னிக்கொண்டிருந்தது. உள்ளே ஓடினேன்.

மகள் நாற்காலியில் சம்மணம் போட்டுத் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிரே தரையில் மூன்று பெரியவர்கள் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி வரிசையாக இருந்தார்கள்.

"அம்மா, எனக்கு நிஜ லோ வந்துச்சு. அம்பத்தெட்டு," என்றாள் மகள். "இப்ப நூத்திப் பத்து."

நடந்ததை நான்கு பேரும் சேர்ந்து சொன்னார்கள். காலையில் போர்மேன் அண்ணன் பொறுப்பைக் கையில் எடுத்திருக்கிறார். பிள்ளையைப் பார்க்கும் இடத்தில் வாட்ஸப் கூடாது என்று, கம்பெனி முறைப்படி எல்லோர் போனையும் வாசலில் வாங்கிக் கூடையில் போட்டுவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் போன் திருப்பிக் கொடுக்கப்பட்டது. செய்திகள் வந்ததும் அப்போதுதான். கடைசிச் செய்தியும் அப்போது அண்ணாச்சி என்னைத் தைரியப்படுத்துவதாக நினைத்து அனுப்பியதுதான். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மகள் விரலைக் கொடுக்க மாட்டேன் என்றிருக்கிறாள். "நீங்கல்லாம் குத்துனாத்தான் நான் குத்துவேன். உங்களுக்கும் சுகர்தான?" அண்ணாச்சி வீட்டு மெஷினின் உறை பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு எண்ணையும் மகள் உரக்கப் படித்து, குரூப்பிலும் போடச் சொல்லியிருக்கிறாள்.

"மானேஜரம்மா உத்தரவு, என்ன செய்ய?" என்றார் போர்மேன் அண்ணன்.

சாயங்காலத்துக்கு முன்னால் மகள் வந்து, "எனக்குக் கை நடுங்குது, கண்ண இருட்டிக்கிட்டு வருது," என்றிருக்கிறாள். அப்போது மேஜை மேலே கருப்பட்டி மிட்டாய் டப்பா இருந்திருக்கிறது. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

"நாம சொல்லுற மாதிரியே சொல்லுது பாருங்களேன்னு நான்தான் சொன்னேன்," என்றாள் அக்கா. தலையைத் தூக்கவில்லை.

"நான் டப்பாவ எடுத்து பீரோ மேல வச்சுட்டேன் டீச்சர்," என்றார் போர்மேன் அண்ணன்.

லோ வந்த பிள்ளைக்கு எதிரே இருந்த இனிப்பை எடுத்து ஒளித்துவைத்திருக்கிறார்கள். கேட்டேன், "அப்புறம்?"

"அப்புறம் அதுவே விரல நீட்டுச்சு," என்றார் அண்ணாச்சி. "யாரையும் குத்தச் சொல்லல. நம்பலேன்னா பாருங்கன்னு நீட்டிக்கிட்டு நின்னுச்சு. அந்த விரலு ஆடுனதப் பாத்ததுக்கப்புறந்தான் தாயி எங்களுக்கு உசுரு போச்சு."

ஐம்பத்தெட்டு என்று மெஷின் காட்டியதும், அக்கா குளுக்கோஸைத் தண்ணீரில் கொட்ட, பாதி தரையில் போக, அண்ணாச்சி பையிலிருந்த மிட்டாயைப் பிரித்து நீட்ட, போர்மேன் அண்ணன் டப்பாவை எடுக்க பீரோ மேல் ஏறி அங்கேயே சிறிது நேரம் மாட்டிக்கொண்டிருக்கிறார். மகள் குளுக்கோஸ் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, "பதினஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் திரும்பப் பாக்கணும், எல்லாரும் உக்காருங்க," என்றாளாம். உட்கார்ந்துவிட்டார்கள். வாசலில் போன் அடித்தது மூவருக்கும் கேட்டிருக்கிறது. எழுந்து போனால் ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒருவரும் நகரவில்லை.

நான் திட்டத்தான் வாயைத் திறந்தேன். மூன்று பேரும் அதற்குத் தயாராக இருந்தார்கள். திட்டு வாங்கினால் நிம்மதியாக இருக்கும் என்ற முகத்தோடு இருந்தார்கள். அதனாலேயே வரவில்லை. மேலும், நான் பக்கத்தில் இருந்த நாட்களிலும் அவளுக்கு லோ வந்திருக்கிறது. அப்போதெல்லாம் ஐம்பத்தெட்டைப் பார்த்ததும் நான் அழுவேன், அவள் என்னைச் சமாதானப்படுத்துவாள். இன்றைக்கு அவள் மூன்று பெரியவர்களை உட்காரவைத்திருக்கிறாள்.

அக்காதான் எழுந்தாள். "இந்தா, ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க. இனிமே டீக்கடை வாசல்ல எவனுக்காவது லோ வந்துச்சு, நாக்க இழுத்துருவேன். மிட்டாய் திங்க ஆசையா இருந்தா, ஆசையா இருக்குன்னு வாயத் தொறந்து சொல்லு. லோன்னு சொன்னா அது லோவா இருக்கணும்."

"ஆசையா இருக்குன்னு சொன்னா நீ திங்க விடுவியா?" என்றார் அண்ணாச்சி.

"முன்னூத்தி பதினெட்டுக்கா? வெளக்குமாறுதான் கெடைக்கும்."

"நீ மட்டும் எம்புட்டு? சொல்லவா?" என்று அண்ணாச்சி ஆரம்பிக்க, அது ஒரு நல்ல சண்டையாகப் போயிருக்கும். அதற்குள் என் போன் அடித்தது. விருதுநகர்த் தலைமையாசிரியை. தோசைக் கணக்கு தாளாளருக்குப் பிடித்திருந்ததாம். அதைப் புதிய கற்பித்தல் முறை என்று நினைத்துக்கொண்டார்களாம். திங்கட்கிழமை சேர முடியுமா என்று கேட்டார்.

நான் போனை நெஞ்சில் பொத்திக்கொண்டேன். திங்கட்கிழமை மதியம் பள்ளிக்குப் போய் ஊசி போடுவது யார்? ஐம்பத்தெட்டு வந்தால் யார்? இன்றைக்குச் சிரித்தவர்கள்தானே இவர்கள்? ஆனால் இனிமேல் சிரிக்கமாட்டார்களே? என் முகத்தைப் பார்த்து மூவருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது.

"மதியம் நான் போறேன்," என்றாள் அக்கா. "எங்க ஆபீஸ்ல இருந்து பள்ளிக்கூடம் ரெண்டு தெருதான. சோத்துக்கு விடுற நேரத்துல போயிட்டு வந்துருவேன்."

"அந்த ஜெராக்ஸ் கடை பெஞ்சுல நான் உக்காந்துக்கிறேன் தாயி," என்றார் அண்ணாச்சி. "எனக்கு மட்டும் வீட்ல என்ன வேல கெடக்கு?"

போர்மேன் அண்ணனுக்குக் கொடுக்க எதுவும் மிச்சமில்லை. சீசன், அவருக்கு லீவு கிடையாது. "நான் காலையில இவுக ரெண்டு பேரு பையையும் தடவிப் பாத்து அனுப்புறேன் டீச்சர்," என்றார்.

மகள் தயிர்சாதத் தட்டை வழித்துக்கொண்டே, "சொல்லும்மா, அவங்க காத்துக்கிட்டு இருக்காங்கல்ல," என்றாள்.

"வர்றேன் மேடம்," என்றேன். சொன்ன மறுநொடியே அவசரப்பட்டுவிட்டேனோ என்று தோன்றியது. "ஒரே ஒரு விஷயம் மேடம். வகுப்புக்குள்ள நான் போன் வச்சுக்கலாமா?"

"சைலண்ட்ல வச்சுக்கோங்க," என்றார் தலைமையாசிரியை.

"சைலண்ட்ல இருந்தா அதிரும்ல மேடம்?" என்று கேட்டேன்.